நல்ல ஊழியன் யார்?



'ஊழியம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் மூத்தோர் சிலருக்கு முகம் சுருங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. பழைய திருவிதாங்கூரில் கூலி கொடாமல் வாங்கப்பட்ட கட்டாய வேலைக்கே ஊழியம் என்று பெயர். நம் சேலம், நாமக்கல் சமவெளியிலோ படியாள், பண்ணையாள் என்று தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழன்றவர்கள் நம் முன்னோர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. ஆகவே, 'பணிந்து நட, பணிவிடை செய்' என்று நமக்கு உபதேசிக்க வருபவர் எவராயினும், அவர் எந்த உயரத்திலிருந்து இறங்கி வந்தார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சீடர்களின் கால்களைக் கழுவிய இயேசு, அவர்களுக்குப் போதகராய் இருந்தவர். கட்டாயத்தால் குனிவது வேறு. மனமுவந்து குனிவது வேறு.

மனமுவந்து குனிந்தவர்களைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சேந்தமங்கலத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையே போதும். இங்கிலாந்திலிருந்து வந்த ஜெசி பிராண்ட் என்பவரும் எவ்லின் அம்மையாரும் 1913-இல் மணம் புரிந்து, அம்மலைக்குக் குடியேறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடையும் டோலியும்தான். (டோலி தூக்கியவர்களின் பெயர்களை நாம் எங்கும் கேட்டதில்லை. அந்தத் தோள்கள் செய்ததும் ஊழியமே என்று இம்மேடையில் சொல்லி வைக்கிறோம்.)

மலையில் ஜெசி பிராண்ட் பிரசங்கம் மட்டும் செய்து கொண்டிருக்கவில்லை. மருந்து கொடுத்தார், பள்ளி வைத்தார், தச்சுத் தொழில் கற்பித்தார். நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோயை இன்றைய இளைஞர் அறியார். கிணற்றில் இறங்கி நின்று நீர் மொள்ளும்போது, நோயாளியின் காற்புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அந்நீரைக் குடித்தவரின் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, நீண்ட நூல்போலக் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். வேகமாய் இழுத்தால் அறுந்து, புண் சீழ் பிடிக்கும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். தம் தந்தை அவ்வாறு எடுத்ததை மகன் பால் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் அந்த மகனே. இந்தியாவில் நரம்புச் சிலந்தி 1996-க்குப் பின் காணப்படவில்லை. இந்தப் பொறுமையையே நாம் ஊழியனின் முதற்குணமாகக் கொள்கிறோம். பேச்சுவன்மை அதற்குப் பிந்தியது.

மலையில் அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் காய்ச்சலில் வீழ்ந்தார். அண்டை அயலார் அஞ்சி ஒதுங்கினர். எதிர்க்கப்பட்ட தம்பதியரே சென்று அவரைப் பேணினர். அவர் இறக்குமுன் தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். எத்தனை ஆண்டுப் பிரசங்கம் இதற்கு ஈடாகும்?

ஜெசி பிராண்ட் 1929-இல் காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். அதன்பின் நடந்தது நம் சிந்தனைக்கு இன்னும் உரியது. தாயகம் சென்று திரும்பிய எவ்லின் அம்மையாரை மிஷன் சமவெளியில் பணியமர்த்தியது. அம்மையார் கீழ்ப்படிந்தார், விடுமுறை நாட்களில் மட்டும் மலையேறிக் கூடாரம் போட்டார். ஓய்வுக்காலம் வந்தது. அறுபத்தெட்டு வயதில் மிஷனிலிருந்து விலகி, யாருடைய நியமனமும் இல்லாமல் மலைக்கே சென்று குடியேறினார். குதிரைக் குட்டியின் மேலும், பின்னர் கால் தளர்ந்தபோது மூங்கில் கழிகளை ஊன்றியும் ஊர் ஊராய்ச் சென்றார். கல்வராயன், பச்சைமலை என்று அவர் பணி விரிந்தது. அவர் நியமனத்துக்கு அல்ல, மக்களுக்கே ஊழியர்.

நம் சபைகளிலும் சங்கங்களிலும் 'ஊழியர்' என்பது இன்று மாலைக்கும் மேடைக்கும் உரிய பட்டமாகிவிட்டதைக் காண்கிறோம். சங்கத்தின் உதவியால் படித்து, ஆசிரியராகவும் செவிலியராகவும் எழுத்தராகவும் உயர்ந்த தம்பி தங்கையரே, உங்கள் பட்டங்களைக் கண்டு நாம் பூரிக்கிறோம். ஆனால் ஞாயிறு பிற்பகலில் நம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் தேடும்போது, விழாவுக்கு வந்த முகங்கள் தென்படுவதில்லை. இதைக் குறையாக அல்ல, உரிமையோடு கேட்கிறோம். நீங்கள் உயர்ந்தவர்கள், இனி உங்களால் இறங்கி வர முடியும்.

எவ்லின் அம்மையார் 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.