மோட்டார் வண்டியும் முக்கோணமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் பலருக்கு ஆர்வமூட்டக் கூடியது. வேகமாகச் செல்லும் செடான் கார்களை வாங்குவோர் சிலர், தொழிற்சாலை அமைத்துக் கொடுத்தது போதாது என்று கருதுகிறார்கள். தனியே விற்கப்படும் இரும்புத் தண்டுகளையோ அலுமினியத் தண்டுகளையோ வாங்கிக் காரின் உடற்கட்டில் பூட்டிக்கொள்கிறார்கள். பானெட்டைத் திறந்தால், இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்குப் பாலம் போட்டாற்போல் ஒரு தண்டு தெரியும். பட்டறைகளில் அதனை ஸ்ட்ரட் பார் என்பர். வண்டிக்கு அடியில் பூட்டுவனவும் உண்டு. இவை யாவற்றையும் நாம் வலுத்தண்டு என்னும் ஒரே பெயரால் வழங்குவோம். இத்தண்டு செய்வது யாது? அதனால் விளையும் நன்மை எவ்வளவு? பூட்டுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை எவை? இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் ஒரு சொல் வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வலிமை வேறு, விறைப்பு வேறு. மூங்கில் எளிதில் வளையும். ஆனால் எளிதில் முறியாது. வகுப்பறையிலுள்ள சுண்ணக்கட்டியோ வளைவதே இல்லை. சிறிது அழுத்தினால் முறிந்துவிடும். மூங்கிலுக்கு விறைப்புக் குறைவு, வலிமை மிகுதி. சுண்ணக்கட்டிக்கு வலிமை குறைவு, விறைப்பு மிகுதி. வலுத்தண்டு என்று நாம் பெயரிட்டாலும், அது வண்டிக்குத் தர முயல்வது விறைப்பையே. இதனை மறந்தவர்கள்தாம், தண்டு பூட்டிய வண்டி விபத்திலும் காக்கும் என்று தவறாக நம்புகிறார்கள்.

இனி விறைப்பு எவ்வாறு பிறக்கிறது என்று பார்ப்போம். நான்கு மரச்சட்டங்களை எடுத்து, மூலைக்கு ஓர் ஆணி வீதம் அறைந்து ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு பக்கத்தைத் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூன்று சட்டங்களால் முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு தள்ளினாலும், சட்டம் முறிந்தாலன்றி அதன் வடிவம் மாறாது. பள்ளிக்கூடத்தில் ஆடுகின்ற பெஞ்சுக்குத் தச்சர் என்ன செய்கிறார்? காலிலிருந்து பலகைக்கு ஒரு சட்டத்தைச் சாய்வாக அறைகிறார், ஆட்டம் நின்றுவிடுகிறது. சதுரத்தை அவர் இரண்டு முக்கோணங்களாக்கிவிட்டார் என்பதே அதன் காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே செல்லும்போது, உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்களைக் கவனியுங்கள். அந்தப் பெருங்காற்றில் மெல்லிய இரும்புப் பட்டைகள் அசையாமல் நிற்பதற்கு, அடிமுதல் நுனிவரை அமைந்த முக்கோணங்களே காரணம்.

விறைப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து இரு முனைகளிலும் பிடித்து முறுக்குங்கள், எளிதில் முறுகும். மேலுறைக்குள் செருகியபின் முறுக்குங்கள், கை தயங்கும். எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி முறுக்கலை எதிர்க்கும் என்பது இதனால் விளங்கும். பழைய கார்களில் அடியில் ஏணி போன்ற சட்டம் ஒன்று தனியாக இருக்கும். அதன்மேல் உடலைத் தூக்கி வைத்துப் பூட்டுவர். இத்தாலியின் லான்சியா நிறுவனத்தார் 1922-இல் காட்சிக்கு வைத்த லாம்ப்டா என்னும் கார், உடலையே சுமைதாங்கியாக்கி வழி காட்டியது. நம் நாட்டில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் காரும் உடலே சட்டமாக அமைந்த வகையைச் சேர்ந்தது. சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரோ தனிச்சட்டம் உடையது. இக்காலத்துச் செடான்கள் யாவும் தரை, கூரை, தூண்கள் எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட பெட்டிகளே.

வண்டிக்கு இந்த விறைப்பு எதற்காக வேண்டும்? சக்கரங்கள் வில்சுருள்களின் வழியாக உடலோடு இணைந்துள்ளன. சக்கரம் எந்தக் கோணத்தில் நிலத்தைத் தொட வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளர், உடல் அசையாது என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகிறார். வளைவில் திரும்பும்போது உடல் முறுகுமாயின் அக்கணக்குப் பிழைபடும். அப்போது உடலே இன்னொரு வில்சுருள் போல வேலை செய்யத் தொடங்கும்.

இங்கே இயற்பியல் மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். இரண்டு வில்சுருள்களைத் தொடராக இணைத்தால், கூட்டு விறைப்பு இரண்டிலும் மெலிந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். சக்கரத்து வில்லின் விறைப்பை 1 என்றும், பழைய வண்டி ஒன்றின் உடல் விறைப்பை 3 என்றும் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். கூட்டு விறைப்பு 0.75. உடலின் விறைப்பை இரு மடங்காக்கி 6 என்று செய்தால் 0.86 கிடைக்கும். இஃது ஓட்டுநர் உணரக்கூடிய மாற்றம். புதிய வண்டி ஒன்றின் உடல் விறைப்பு 20 என்று கொள்வோம். கூட்டு விறைப்பு 0.95. அதனையும் இரு மடங்காக்கி 40 என்று செய்தால் 0.98-க்கும் சற்றுக் குறைவு. செலவும் உழைப்பும் ஒன்றே. பயனோ மிகச் சிறிது. மேலும், ஒரே ஒரு தண்டைப் பூட்டுவதால் முழு உடலின் விறைப்பும் இரு மடங்காகிவிடுவதும் இல்லை. மெலிந்த இடத்தில் கட்டிய கட்டே பயன் தரும் என்பது இக்கணக்கின் சாரம்.

இப்போது தண்டின் வடிவத்திற்கு வருவோம். பெரும்பாலான செடான்களில் முன்சக்கரத்து வில்லமைப்பின் மேல்முனை, பானெட்டுக்குக் கீழே இருபுறமும் உள்ள இரு தகட்டுக் கோபுரங்களில் பொருந்தியிருக்கும். இந்த அமைப்பு, மக்பர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்குகிறது. வளைவுகளில் இக்கோபுரங்கள் நூலளவு நெருங்கவோ விலகவோ முயலும். தண்டு அந்த அசைவைத் தடுக்கிறது. 2024 டிசம்பர் 30-ஆம் நாள் கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட, விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வில்லும் நாணும் போன்ற அமைப்பு. மேலே வளைந்த வில்லின் இரு முனைகளும் வெளிப்புறமாக உதைக்கும். கீழே நாண் அவற்றை இழுத்துப் பிடிக்கும். வலுத்தண்டும் இரு முனைகளுக்கு இடையே அத்தகைய நாணாகவே நிற்கிறது.

ஆனால் ஒன்றை நோக்குங்கள். இரு கோபுரங்கள், மேலே தண்டு, கீழே தரை என்று எண்ணினால் கிடைப்பது ஒரு நாற்கரம். இரு கோபுரங்களும் ஒரே திசையில் சாய முயன்றால், ஒற்றைத் தண்டு அவற்றோடு சேர்ந்து தானும் நகரும். இதனால்தான் நல்ல அமைப்புகளில், இரு கோபுரங்களிலிருந்தும் பயணியர் அறையின் முன்சுவருக்குச் சாய்வான கைகள் செல்லும். தச்சர் பெஞ்சுக்குச் செய்ததையே அங்கும் காண்கிறோம். முனைகளில் கீல் வைத்து, நடுவில் வளைத்து, பளபளப்பாக வண்ணம் பூசிய தண்டுகள் அழகுக்கு உதவுமேயன்றி விறைப்புக்கு அதிகம் உதவா. வளைந்த தண்டை அழுத்தினால் அது மேலும் வளையவே செய்யும்.

பூட்டும் முறையிலும் கவனம் வேண்டும். வண்டி சமதரையில் தன் நான்கு சக்கரங்களின்மேல் நிற்க வேண்டும். ஜாக்கியால் தூக்கித் தொங்கவிட்ட நிலையில் பூட்டினால் உடல் கோணிய நிலையிலேயே தண்டு இறுகிவிடும். பல கார்களில் கோபுரத்தின் உச்சியைச் சுற்றிச் சிறிய நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் இருக்கும். தண்டுக்கு உரியவை சுற்றிலும் உள்ளவையே. நடு நட்டைத் தொடவே கூடாது. அமுக்கி அடக்கப்பட்ட வில்சுருளை அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. அது கழன்றால் உயிருக்கே தீங்கு நேரலாம். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகிவிட்டு, பின்னர் வண்டியின் கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். தண்டு பானெட்டிலோ பிரேக் எண்ணெய்க் கிண்ணத்திலோ மின்கம்பிகளிலோ உரசக் கூடாது. நம் நாஞ்சில் நாட்டிற்கு மேலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடற்காற்றில் உப்பு மிகுதி. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி வினையால் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். பூட்டும் இடத்தில் வண்ணம் உரிந்தால் இரும்பும் துருவேறும். அடியில் பூட்டும் தண்டோ வண்டியின் தரை இடைவெளியைக் குறைத்து, வேகத்தடைகளில் இடிபடும்.

இவை யாவும் போல்ட்டால் பூட்டுவனவற்றுக்கே. பற்றவைத்தலை ஒருபோதும் நாடலாகாது. இக்காலக் கார்களின் தூண்களிலும் குறுக்குச் சட்டங்களிலும், சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உரமேற்றிய எஃகு பயன்படுகிறது. அதன்மேல் மீண்டும் தீ பட்டால் அந்த உரம் போய்விடும். வலுவூட்ட நினைத்தவர் வலுவிழக்கச் செய்தவராவார்.

இன்னும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. காரின் எல்லாப் பகுதியும் விறைப்பாக இருத்தல் நன்றன்று. ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பேலா பரேனி என்னும் பொறியாளர், நடுவிலுள்ள பயணியர் அறை உறுதியாகவும், முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் மோதலில் நசுங்கக் கூடியனவாகவும் இருக்க வேண்டும் என்று கண்டு, 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959-இல் அக்கருத்து விற்பனைக் காரில் நடைமுறைக்கு வந்தது. முன்பகுதி நசுங்கும்போது மோதலின் ஆற்றலை அது ஏற்றுக்கொள்கிறது. மனித உடலுக்கு வரும் அடி குறைகிறது. காற்றுப்பைகள் விரியும் நேரமும் அந்த நசுங்கலை அளந்தே அமைக்கப்படுகிறது. ஆராயாமல் முன்பகுதியில் சட்டங்களைச் சேர்ப்பவர், அளந்து வைத்த கணக்கில் அளக்காமல் கை வைப்பவர்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே எதையும் சேர்ப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிவது கடமை.

அப்படியாயின் வலுத்தண்டுக்கு இடமே இல்லையா? உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. அங்கே வழவழப்பான டயர்களும் இறுகிய வில்லமைப்பும் உடைய வண்டிகள், எல்லைவரை ஓட்டப்படுகின்றன. அங்கு ஓட்டுநர் தலைக்கவசமும் தோள்வார்களும் அணிந்திருக்கிறார். எதிரே பேருந்து வருவதில்லை. மெலிந்த உடற்கட்டுள்ள பழைய வண்டிகளுக்கும் நன்கு ஆராய்ந்து பூட்டிய தண்டு உதவலாம். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குச் செல்லும் சாலையில் வண்டி தடுமாறுகிறது என்றால், முதலில் டயரின் தேய்மானத்தையும் காற்றழுத்தத்தையும் பாருங்கள். பின்பு ரப்பர் புஷ்களையும், ஷாக் அப்சார்பரையும், சக்கரங்களின் நேர்நிலையையும் சோதியுங்கள். நோய் அங்கே இருக்க, மருந்தை வேறிடத்தில் தடவுவதால் பயனில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது. அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் மிகைவேகம் தொடர்பான விபத்துகளில் மாண்டவர்கள். விறைப்பான வண்டி வளைவில் அசையாமல் திரும்பும்போது, ஓட்டுபவர் மனத்தில் ஒரு துணிவு பிறக்கிறது. ஆனால் சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையேயுள்ள பிடிப்பு, உள்ளங்கை அளவான நான்கு ரப்பர்த் துண்டுகளில் மட்டுமே இருக்கிறது. அவை நழுவும் நேரத்தில் எந்தத் தண்டும் கை கொடுக்காது.

மாணவர்களே, பொறிகளைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வம் உங்களுக்கு இருக்கட்டும். அதனை நான் தடுக்கவில்லை. ஆனால் ஸ்பானரை எடுக்குமுன் காகிதத்தையும் பென்சிலையும் எடுங்கள். எந்த இடம் விறைப்பாக நிற்க வேண்டும், எந்த இடம் வளைந்து கொடுக்க வேண்டும் என்று வரைந்து பாருங்கள். அதற்குப் பின்னும் தண்டு தேவையெனத் தோன்றினால், அப்போது பூட்டுங்கள்.