பெண்ணின் கருவளமும் ஒட்சியேற்றமும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



இந்தப் பாடசாலை ஆய்வுகூடத்தில் இரும்பாணியைச் சோதனைக் குழாயில் இட்டு, கறள் பிடிக்கிறதா என்று நாள்தோறும் எட்டிப் பார்த்தவர்கள் நாங்கள். வெட்டிய கத்தரிக்காய் கறுக்காதிருக்கத் தண்ணீரில் போட அம்மாமார் சொல்லித் தந்தார்கள். ஒட்சிசன் செய்யும் அதே வேலை எங்கள் சூலகத்திலும் நடக்கிறது.

பெண் குழந்தை 10 முதல் 20 இலட்சம் வரையான முட்டைகளோடு பிறக்கிறாள். பூப்படையும்போது மிஞ்சுவது சுமார் 3 அல்லது 4 இலட்சம். 35 வயதில் வெளிவரும் முட்டைக்கும் வயது 35தான். கலத்தின் இழைமணிகள் சக்தியை உண்டாக்கும்போது தாக்கம் கூடிய ஒட்சிசன் மூலக்கூறுகளும் உண்டாகின்றன. உடல் அடக்கக்கூடிய அளவை அவை மிஞ்சுவதே ஒட்சியேற்ற அழுத்தம். முட்டையின் நிறமூர்த்தங்கள் ஒழுங்காகப் பிரிவதை அது குழப்பலாம். புகைத்தல் அதைக் கூட்டும்.

ஆனால் அவை முழுப் பகையுமல்ல. முட்டை சூலகத்தை விட்டு வெளியேறவே அவை கொஞ்சம் தேவை. ஆகவே எதிர் ஒட்சியேற்றிகளை அள்ளி விழுங்கினால் நல்லது என்ற கணக்கு சரிவராது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய குளிசைப் போத்தல்களை நான்கு வருடம் விழுங்கினாள். கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்யும்படி ஒருவரும் சொல்லவில்லை. வைத்தியம் படித்த நாங்களும் கேட்கக் கூச்சப்பட்டோம். கடைசியில் செய்தபோது குறை அங்கேதான் இருந்தது. அவளுக்கு அப்போது 39 வயது.

2020இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு 63 ஆய்வுகளை, 7760 பெண்களின் விவரங்களைப் பார்த்தது. பலன் இருக்கலாம், சான்று நலிந்தது என்பதே அதன் முடிவு. முருங்கையிலை, வல்லாரை, நெல்லி, கொய்யா சாப்பிடுங்கள். அதற்கு எங்கள் தடையில்லை. போத்தலில் ரெட்டினோல் வடிவ விற்றமின் ஏ மிகையாக இருந்தால் கருவுக்கே கேடு. போலிக் அமிலம் வேறு கதை. கருத்தரிக்க முன்னரே தினமும் 400 மைக்கிரோகிராம் எடுத்தால் குழந்தையின் மூளை, முண்ணாண் குறைபாடுகள் குறையும். ஊரில் இருப்பவர்கள் குடும்பநல மாதுவிடம் கேட்கலாம்.

35 வயதுக்குக் கீழே ஒரு வருடம், அதைத் தாண்டினால் 6 மாதம்: அதற்குமேல் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்வரிசையில் சில மருமக்கள் தலையைக் குனிவது தெரிகிறது. தேநீர் வேளையில் நாங்கள் இங்கேதான் நிற்போம். கேட்க நினைத்ததைத் தனியாக வந்து கேளுங்கள்.