உலக அரசியல் பயிலும் நம் மாணவர்



அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கும் வேலைக்குச் சென்று பழகிய நம் இல்லங்களில், ஒரு பிள்ளை சர்வதேச உறவுகள் பயிலப் போகிறேன் என்றால், அது சோறு போடுமா என்ற கேள்வியே முதலில் எழுகிறது. பட்டினியை அறிந்தவர் கேட்கும் கேள்வி அது. நாம் அதை இகழவில்லை.

கேரளத்து உழவூரில் பிறந்த கே. ஆர். நாராயணன் அவர்களை எண்ணிப் பாருங்கள். கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர் அவர். சென்னையில் 'இந்து' நாளேட்டிலும் சிறிது காலம் பணியாற்றினார். 1945இல் டாட்டா உதவித்தொகை பெற்று லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்து, ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் பயின்றார். வகுப்போடு அவர் நின்றுவிடவில்லை. கிருஷ்ண மேனனின் இந்தியா லீகில் ஈடுபட்டார்; இந்திய வார ஏடொன்றுக்கு லண்டன் நிருபராகவும் எழுதினார். 1948இல் தாயகம் திரும்புகையில், நேருவுக்கு லாஸ்கி எழுதிய அறிமுகக் கடிதம் அவர் கையில் இருந்தது. மறு ஆண்டே வெளியுறவுப் பணி. 1976இல் சீனத் தூதர். 1997இல் குடியரசுத் தலைவர்.

அந்த அறிமுகக் கடிதத்தைச் சம்பாதித்துத் தந்தது தேர்வு மதிப்பெண் மட்டுமன்று என்பதே நம் கருத்து.

மாணவர்களே, ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் கல்லூரி செல்லும் நேரம் உங்களுடையது. நாளேட்டின் வெளிநாட்டுச் செய்திகளை அப்போது படியுங்கள். அயல்மொழி ஒன்றையும் தொடங்குங்கள். அயல்நாட்டில் முதுகலையோ ஆய்வோ பயில, ஆதிதிராவிட மாணவர்க்கு நடுவண் அரசின் உதவித்தொகை உண்டு. வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். விண்ணப்பம் நிரப்ப நாங்கள் உடன் அமர்வோம்.