புயலுக்கு நிற்கும் வீடு: கணக்கைத் தமிழிலே காட்டுக!



2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இத்தீவைத் தாக்கிச் சென்றது. அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகத்தில் மண் சரிந்து வீடுகளை மூடிற்று. தாழ்நிலங்களை வெள்ளம் விழுங்கிற்று. கிழக்கு மாகாணத்து முதியோருக்கு இது 1978 நவம்பர் 23 ஆம் நாளை நினைவூட்டியிருக்கும். அன்று மட்டக்களப்பில் கரையேறிய சூறாவளி ஏறத்தாழ 900 பேரைப் பலிகொண்டது. தென்னந்தோட்டங்களைத் தரையோடு சாய்த்தது. அழிவு வந்தால் அதன் பின்னால் ஒரு வீட்டுத் திட்டமும் வரும். அந்த வீடு எப்படி இருத்தல் வேண்டும் என்று அதில் குடியிருக்கப்போகும் எம்மிடம் கேட்பார் உண்டா? இதைப் பேசவே இங்கு கூடியிருக்கிறோம்.

போரினால் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கென 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவந்து பொருத்தும் திட்டம் 2015 ஆம் ஆண்டளவில் கொழும்பிலே வகுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஒரு வீட்டின் விலை இருபத்தொரு இலட்சம் ரூபாய் அளவில் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாயைக் கையிலே பெற்ற எம்மக்கள் தாமே கல்வீடு கட்டிக்கொண்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் அறிஞர்கள் உருக்கு வீட்டை ஆராய்ந்தனர். அத்திவாரம் போதாது, காற்றோட்டம் போதாது, விறகடுப்புக்கு இடமில்லை, பின்னர் ஓர் அறை கூட்டிக் கட்டவும் வழியில்லை என்று எடுத்துக்காட்டினர். அத்திட்டம் நிறைவேறவில்லை. வேண்டாம் என்பதற்கு அன்று கணக்கு இருந்தது. இது வேண்டும் என்று கேட்பதற்கும் கணக்கு இருத்தல் வேண்டும்.

அக்கணக்கைப் போட இன்று கணினி இருக்கிறது. எனர்ஜிபிளஸ் என்னும் மென்பொருளை அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் இலவசமாகவே வழங்குகிறது. சுவர், கூரை, சாளரம், வீடு நோக்கும் திசை, ஊரின் காலநிலை ஆகியவற்றைக் கொடுத்தால், ஆண்டின் 8,760 மணித்தியாலமும் வீட்டினுள் வெப்பம் எவ்வளவு என்று அது கணித்துச் சொல்லும். ஓப்பன்ஃபோம் என்பது கட்டடத்தைச் சுற்றிக் காற்று ஓடும் வழியைக் காட்டும், அதுவும் இலவசம். கற்ற பிள்ளைகள் சிலர் முன்வந்தால் கிளிநொச்சியிலிருந்தே இவ்வேலையைச் செய்யலாம்.

இதனால் எமக்கு என்ன பயன் என்று கமக்காரர் கேட்பது நியாயமே. கூரையை எடுத்துக்கொள்வோம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும். சூறாவளி கூரையை அழுத்தி நொறுக்குகிறது என்றே பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் நடப்பது வேறு. மேலால் பாயும் காற்று கூரையை உறிஞ்சித் தூக்குகிறது. உடைந்த கதவால் புகுந்த காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. தாவாரம் நீண்டிருந்தால் அதன் அடியிலும் காற்றுக்குப் பிடி கிடைக்கிறது. தாவாரத்தைக் குறுக்கினாலோ சித்திரை வெயில் சுவரைச் சுடும்; மாரி மழை சுவரை அரிக்கும். என் செய்வது? விறாந்தைக் கூரையைத் தலைக்கூரையோடு தொடுக்காது தனியே நிறுத்தினால், பெருங்காற்றில் விறாந்தை போனாலும் வீட்டுக் கூரை நிற்கும். நாற்புறமும் முப்பது பாகையளவில் சரியும் கூரை, இருபுறம் மட்டும் சரியும் கூரையைவிடத் தாக்குப்பிடிக்கும். கைமரங்கள் சுவரின் மேல் ஓடும் கொங்கிறீற்று வளையத்தோடும், அவ்வளையம் அத்திவாரத்தோடும் இரும்பால் பிணைக்கப்படல் வேண்டும். தாவாரம் எத்தனை அடி, பிணைப்பு எத்தனை என்பதை, ஓடும் மரமும் வாங்குமுன்னரே கணினியில் பத்து விதமாகச் சோதித்துப் பார்க்கலாம். அன்றெல்லாம் கூரை பறந்த பின்னரே மேசனாருக்குக் குறை தெரியவரும்.

இனிக் காபன் கணக்கு. சுண்ணக்கல்லை 1,450 பாகை செல்சியசு வரை சுட்டே சீமெந்து செய்கிறார்கள். (காங்கேசன்துறையில் 1990 வரை இயங்கிய ஆலையை அறிந்தோர் இக்கூட்டத்தில் இருப்பர்.) எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, ஒரு தொன் சாதாரண சீமெந்துக்கு முக்கால் தொன்னுக்கு மேல். தாதை உருக்கிச் செய்யும் உருக்குக்கோ தொன்னுக்கு இரண்டு தொன் அளவில். இந்த வாயு கடலையும் காற்றையும் சூடாக்க, சூறாவளி கொட்டும் மழை பெருகுகிறது. வானத்தைக் கெடுத்தவர் பிறராயிருக்க நாம் ஏன் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்றால், அக்கேள்வியிலும் நீதி உண்டு. ஆயினும் 2022 இல் ஒரு மூடை சீமெந்து மூவாயிரம் ரூபாய் அளவுக்கு ஏறியதே! சீமெந்தைக் குறைத்தால் மிஞ்சுவது எமது மடியில் உள்ள பணம். பொருத்தமான மண்ணோடு நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சீமெந்து சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாது நீர் தெளித்து இறுகவைத்த மண்கற்களால் போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் வீடுகள் எழுந்துள்ளன. வயற்களி இதற்கு ஆகாது. மணலும் களியும் அளவாய்க் கலந்த மண்ணைச் சோதித்தே எடுத்தல் வேண்டும். வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்ந்த அத்திவாரமும் வேண்டும்.

அந்த வெள்ளமட்டம் எவ்வளவு என்பதைக் கணினிக்கு யார் சொல்வது? எந்த ஆண்டில் எந்தக் குளக்கட்டு உடைத்தது, பெருங்காற்று எந்தப் பக்கத்து ஓட்டை முதலில் கிளப்பிற்று என்பதை அந்த மண்ணில் உழுபவரே அறிவார். அவருடைய அறிவைச் சேர்க்காது கொழும்பிலிருந்து போடும் கணக்கு, எத்துணை நுட்பமான இயந்திரத்தில் போட்டாலும் பிழைத்துப்போம்.

ஆகவே நாம் கேட்பது இது. எந்த வீட்டுத் திட்டமாயினும், காற்று, வெள்ளம், வெப்பம், காபன் ஆகிய நான்கின் கணக்கும் அத்திவாரம் வெட்டுமுன் தமிழில் எழுதப்பட்டு, கிராம அலுவலர் அலுவலகத்திலே எவரும் பார்க்கத்தக்கதாய் ஒட்டப்படல் வேண்டும். அதில் குறை கண்டால் திருத்தக் கோரும் உரிமை வீட்டுக்காரருக்கு வேண்டும். இதனை அரசிடம் கேட்டுக்கொண்டே நாம் இன்று தொடங்கத்தக்க வேலையும் உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் வெள்ளம் நின்ற உயரத்தை, ஆண்டைக் குறித்து, பொதுக் கட்டடம் ஒன்றின் சுவரிலே கமக்காரர் வண்ணத்தால் கோடிட்டு வைக்கட்டும். அக்கோடுகளை அளந்து கணினியில் ஏற்றும் பொறுப்பை இங்குள்ள பொறியியலாளரும் நில அளவையாளரும் ஏற்கட்டும். அடுத்த மாரி தொடங்குமுன் இது முடிதல் வேண்டும்.