கரும்புச் சாறும் கற்கும் பொறியும்



கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும், மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சருக்கரை ஆலைகள் உள. கள்ளக்குறிச்சி உழவன் ஓராண்டு சிந்திய வியர்வை, ஆலையுள் சிறுபொழுதிற் காக்கப்படும், அன்றிப் பாழாகும். எங்ஙனம்?

பிழிந்த சாறு காடித்தன்மை உடையது. நம் நாட்டு வெண்சருக்கரை ஆலைகள் பலவற்றில் அதனைச் சூடாக்கி, சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் சேர்த்துத் தெளிவிப்பர். பிஎச் என்னும் காடி-கார அளவு முடிவில் 7-ஐ ஒட்டி நிற்றல் வேண்டும். குறைந்தால், வெப்பத்தில் சருக்கரை சிதைந்து, மணியாய் உறையாத பாகாகும். மிகுந்தால் சாறு கறுக்கும்.

இங்கு இடர் இரண்டு. ஒன்று, வளைபோக்கு. பிஎச் ஓரலகு மாறினால் காடிச் செறிவு பத்து மடங்கு மாறும். ஆகவே ஓரிடத்தில் மிகுதியாக இட்டும் அசையாத அளவு, நடுநிலையை நெருங்குங்கால் சிறு துளிக்கே தாவிவிடும். மற்றொன்று, உறுதியின்மை. கரும்பின் வகை, மண், வெட்டியபின் காத்துக்கிடந்த நாள் ஆகியவற்றால் சாற்றின் இயல்பு வேறுபடும். ஒரே நெறியில் முடுக்கிய பொறி ஈண்டுத் தடுமாறும்.

வெல்லங்காய்ச்சும் முதியவர், நேற்றைய சாற்றுக்கு இட்ட சுண்ணாம்பை இன்றைய சாற்றுக்குக் கண்ணைமூடி இடார். பதம் பார்த்துக் கையளவை மாற்றுவார். அதுவே தகவமைக் கட்டுப்பாடு. பொறி, தான் இட்ட அளவையும் விளைந்த பயனையும் ஒப்பிட்டுச் சாற்றின் இயல்பை மதிப்பிடும். அதற்கேற்பத் தன் நெறியைத் தானே திருத்தும்.

ஆயினும் கற்கும் பொறி தவறாதெனக் கொள்ளற்க! 1967 நவம்பர் 15-இல் அமெரிக்க எக்சு-15 வானூர்தி சுழற்சியினின்று மீண்டும், அதன் தகவமைக் கருவி எழுப்பிய அலைவு அடங்காமையால் வானிலேயே சிதைந்தது. வலவர் மைக்கேல் ஆடம்சு மாண்டார். கற்றலினும் நிலைப்பு முந்தியது என்பதே அதன் பாடம். பிழையின் அளவு பெருகாமற் காக்கும் நெறியை உருசிய அறிஞர் இலியாபுனோவ் 1892-இலேயே வகுத்திருந்தார். அவ்வடிப்படையில், சென்னையிற் பிறந்த நரேந்திரா, அனுராதா அன்னசாமியுடன் எழுதிய நிலைப்புத் தகவமை நூல் 1989-இல் வெளிவந்தது.

ஆதலின் பொறி கற்கட்டும், எல்லைக்குட் கற்கட்டும். சுண்ணாம்பின் மேல்வரம்பும், ஓட்டுநர் கைக்கெட்டும் நிறுத்தமும் முதலில் அமைக. அவ்வோட்டுநர்க்கு அதன் நெறி தெள்ளிய தமிழில் விளங்குக. விளங்காப் பொறியை எவரும் உரிய வேளையில் நிறுத்தார்.