ஊர் கூடினால் பனியிலும் தேர் ஓடும்



தொலைதூர ஊர் தன் காலில் நிற்கப் பெரிதும் துணை அரசின் பணமா, ஊராரின் கூட்டுறவா? இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணி நண்பர் 'பணம்'னு பதினேழு தடவை சொன்னார். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். தமிழ் வாத்தியாருக்குப் பணத்தை எண்ணத்தான் வாய்ப்பில்லை, வார்த்தையையாவது எண்ணுவோமே! (சிரிப்பு)

கனடாவின் வடகோடியில் நூனவுட் என்றொரு பிரதேசம். 1999 ஏப்ரல் 1-ல் உருவானது. இந்தியாவில் பாதிக்கு மேல் பரப்பு. மக்கள் எத்தனை பேர்? 2021 கணக்கெடுப்பின்படி 36,858 பேர்தான்! 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. கோடையில் கப்பல், மற்ற நாளெல்லாம் விமானம். அங்கே அரசின் பணம் இல்லாமல் முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா பணம் மட்டும் போதுமா?

1953-ல் கனடா அரசு என்ன செய்தது? இனுக்ஜுவாக் என்ற ஊரின் இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே இறக்கிவிட்டது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காத இடம் அது! 'பிடிக்கலைன்னா இரண்டு வருஷத்துல திரும்பலாம்' என்று கொடுத்த வாக்கும் காற்றோடு போச்சு. திட்டம் அரசுடையது, கப்பல் அரசுடையது. கண்ணீர் மட்டும் அந்த மக்களுடையது. 2010-ல் அரசு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்க 57 வருஷம், நடுவர் அவர்களே!

இப்போ இன்னொரு ஊரைப் பாருங்க. கேப் டோர்செட்; இன்று அதன் பெயர் கின்னைட். ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் ஜப்பான் போய் அச்சுக்கலை கற்று வந்தார். வேட்டையாடிய கைகள் கல்லில் செதுக்கிக் காகிதத்தில் படம் எடுத்தன. 1959-ல் ஊராரே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கெனோஜுவாக் அஷேவாக் என்ற அம்மையார் வரைந்த ஆந்தை 1970-ல் கனடாவின் அஞ்சல்தலையிலேயே ஏறியது! அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது.

"அது பழைய கதை" என்பார் எதிரணி நண்பர். புதுசும் இருக்கு. யூக்கானில் ஓல்டு குரோ என்ற ஊர்; அதற்கும் சாலை இல்லை. 2021-ல் 940 கிலோவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அரசு பணம் கொடுத்தது. உடைமை ஊர் மக்களுக்கு. மின்சாரத்தை விற்கிற வருமானமும் ஊருக்கே. டீசலும் மிச்சம்!

குந்தித் தின்றால் குன்றும் மாளும். அரசின் கை நீளம்தான். ஆனா பை சின்னது. அந்தச் சின்னப் பையிலிருந்து விழுகிற காசு ஊராரின் கையில் விழுந்தால் விதை. ஊராரைக் கேட்காமல் விழுந்தால் வெறும் செலவு. விதைக்கு மண்தான் பெரிது. எனவே கூட்டுறவே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.