இரத்தம் ஏற்றும் பிள்ளைகள்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேச வந்தது தலசீமியா பற்றி. எங்கள் டிவிசன்களிலும் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்ணூறு, தோஷம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. இது பரம்பரையாய் வருவது. தாய், தகப்பன் இரண்டு பேருமே காவிகளாக இருந்தால், ஒவ்வொரு முறை கர்ப்பமாகும்போதும் பிள்ளைக்கு இந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மருமகளை மட்டும் ஏசுகிற மாமியார்மார் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு மூன்று, நாலு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்பும் உடம்பில் சேர்ந்து இருதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடும். அதை வெளியேற்ற, கிழமையில் ஐந்து, ஆறு இரவுகள் 8 முதல் 12 மணித்தியாலம் சின்னப் பம்பில் மருந்து ஏற்ற வேண்டும். சிலருக்கு மாத்திரை கொடுக்கிறார்கள்.

"அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, பிறகென்ன செலவு?" என்று எங்களிடமே கேட்கிறார்கள். கணக்குப் பாருங்கள். மேல் டிவிசனில் ஒரு தாய் பிள்ளையோடு போனால் இரண்டு நாள் போய்விடும். இரண்டு பேர் விழாது. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அந்தக் கணக்கிலேயே 2700 ரூபா நட்டம். பஸ் காசும் சாப்பாடும் வேறு. 2022ல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வெளியில் வாங்க எழுதிக் கொடுத்த துண்டுக்காக அடகுக்குப் போன தோடு இன்னும் மீளவில்லை. அதனால்தான் "இந்த மாசம் விட்டு அடுத்த மாசம் போவோம்" என்கிறார்கள். அந்தத் தாயைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் தவணை தள்ளிப்போனால் பிள்ளை சோர்ந்துவிடும், வளர்ச்சி குறையும், மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கும். பம்பை விட்டால் அந்த நேரத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு இருதயத்தில்தான் காட்டும். பிள்ளை வெளிறிப்போனதென்று டாக்டரைக் கேட்காமல் இரும்புச்சத்து டொனிக் வாங்கிக் கொடுக்கவும் கூடாது.

கங்காணிமாரே, கிளினிக் நாளில் லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள். கலியாணம் பேசுகிற பிள்ளைகள் முதலில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளட்டும். குருநாகலிலும் பதுளையிலும் தலசீமியா நிலையங்கள் இருக்கின்றன. ஜாதகம் பார்க்கக் கண்டிக்குப் போகிறவர்களுக்கு இது தூரமில்லை.

உதவிப் பணத்துக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரிப்போம், நாங்களும் கூட வருகிறோம். வருகிற சம்பள நாளில் கிளினிக் கொப்பியை ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். ஒரே திகதி உள்ளவர்களைச் சேர்த்து அனுப்பத் துரையிடம் வேன் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. பேர்ப் பட்டியலோடு போனால் மறுபடி கேட்க லேசாக இருக்கும்.